பின்சீட்டில் ஒரு பரங்கிக்காய்

முழங்கால் இடிக்குது. இதுதான் மொதக் குறை. நேத்துச் சிவப்பு வண்டியில படுத்துப் பாத்தப்ப இடிச்சுதா இல்லையான்னு ஞாபகம் வர மாட்டேங்குது. இடிச்சிருந்தா ஞாபகம் இருந்திருக்கும், அப்ப இடிக்கலைன்னுதான் அர்த்தம், ஆனா நேத்து நான் செருப்பக் கழட்டிட்டுப் படுத்தேனா, மாட்டிக்கிட்டே படுத்தேனா, அதுலயே ஒரு விரக்கடை போயிருக்குமே. இன்னைக்கு இந்தச் சாம்பக் கலர் வண்டி. அம்பத்தெட்டு வயசு ஆம்பள, ஊர்ல நாலு பேரு எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்ற ஆளு, பின்சீட்டுல ஒருக்களிச்சுக் கெடக்குறேன், தலைமாட்டுல வீட்டுத் தலகாணி, வயித்தோட அணைச்சு ஒரு பரங்கிக்காய். முன்னால ஓட்டுறது வண்டிக் கம்பெனிக்காரர் ஜெரால்டு. அவருக்கு எடது பக்கம் என் வீட்டுக்காரி விசாலம். என்னையப் பத்திப் பேசிரக் கூடாதுன்னு ரெண்டு பேரும் வேணும்னே மழையப் பத்திப் பேசிக்கிட்டு வாராங்க. பரங்கிக்காய் எதுக்குன்னா, பாப்பா வயிறு இப்ப இந்தத் தண்டிதான் இருக்கும். காய் உருளலைன்னா வண்டி பாஸு, உருண்டா ஃபெயிலு. நேத்துச் சிவப்புல உருளல. ஆனா நேத்து வச்சது இந்தக் காய் இல்ல, அது கொஞ்சம் சப்பட்டை, அத விசாலம் நேத்தே அரிஞ்சு கூட்டு வச்சிட்டா. அப்ப நேத்து உருளாதது வண்டியோட குணமா, காயோட குணமா? இதப் போயி யாருகிட்டக் கேக்குறது. "தண்டபாணி சார், பின்னால வசதியா இருக்கா?"ன்னு ஜெரால்டு கண்ணாடியில பாத்துக் கேக்குறார். ரோட்டப் பாத்து ஓட்டுங்க தம்பின்னு சொன்னேன்.

பாப்பான்னா என் மக மேகலா. ஒரே மக. கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்தது. இப்ப ஏழாம் மாசம், வர்ற வியாழக்கிழமை அங்க வளைகாப்பு. வளையல அடுக்குன கையோட பிள்ளையப் பெத்தவங்க வீட்டுக்குக் கூட்டியாந்துறணும், தலைப்பிரசவம் தாய் வீட்டுல, அது இன்னைக்கு நேத்து வந்த வழக்கமா? எங்க வீடு மலைமேல. தோட்டத்துல இருந்து மண்பாதை, அதுக்கப்பறம் மலை ரோடு, வளைஞ்சு வளைஞ்சு எறங்கி வத்தலக்குண்டு போனாத்தான் ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸு வரும், வராம இல்ல, ஆனா மொதல்ல மேல ஏறி வரணும், அப்பறம் எறங்கணும், அதுக்கும் முன்னால போன்ல சிக்னல் கோடு கெடைக்கிற பாறைக்கு யாராச்சும் ஓடணும். சம்பந்தியம்மா நல்லாத்தான் கேட்டாக. "ஏனுங் சம்பந்தி, அங்க வலி வந்தா புள்ளைய எதுலீங் கூட்டிட்டுப் போவீங்க? அந்த மொளகு மூட்டை ஏத்துற ஜீப்லயா?" கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. அதுதான் வயித்தெரிச்சல். தப்பா ஒரு வார்த்தை விட்டிருந்தா நானும் ரெண்டு விட்டுட்டு வந்திருப்பேன். சரியாக் கேட்டவங்களுக்கு என்னத்தச் சொல்ல? புது வண்டி எடுக்குறேன், நாலு சக்கரமும் இழுக்குற வண்டி, உங்க வீட்டு ஹாலு கணக்கா இருக்கும்னு சொல்லிட்டேன். மாப்ள சிரிச்சாரு. வாய விட்டாச்சு, விட்ட வாய்க்கு இப்ப வண்டி தேடுறேன். காரு எங்க மண்பாதையில வயிறு தட்டும். ஜீப்புக்கு அந்தம்மா மொகத்தச் சுளிச்சாச்சு. அதான் இந்த டபுள் கேபின் பிக்கப்பு, முன்னால குடும்பம், பின்னால தொட்டியில வாழைத்தாரு, ஒரே வண்டியில ரெண்டு காரியம். பாப்பாகிட்டப் போன்ல கேட்டேன், பிரசவத்த எங்க வச்சுக்கிறலாம் பாப்பான்னு. "அம்மா பக்கத்துல இருந்தாப் போதும்ப்பா"ன்னா. பாத்தியா, மலைக்குத்தான் வாரேங்கிறா பிள்ளைன்னு விசாலத்துகிட்டச் சொன்னேன். விசாலம் கறிவேப்பிலை உருவிக்கிட்டே ம்னா. அன்னைலேருந்து எதுக்கும் ம்தான். சிவப்பு நல்லாருக்குல்லன்னா ம். சாம்பல் தேவலையோன்னா ம். முப்பது வருசமா உப்புக் கொறஞ்சாக்கூட என்கிட்டச் சண்டை போடுறவ, இவ்வளவு பெரிய விசயத்துக்கு ம்னு நிக்கிறா. அது எனக்குப் புடிபடல.

சிவப்பு நீளம். அதுக்கு அழகும் அதுதான், கேடும் அதுதான். சீட்டு மெத்தையா இருக்கு, முதுகு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு, படுத்தா வீட்டுக் கட்டில்ல பாதிச் சொகம். ஆனா ஊசி வளைவுல ஒரே ஒடியில திரும்ப மாட்டேங்குது. ஒடிக்கணும், நிக்கணும், பின்னால எடுக்கணும், மறுபடி ஒடிக்கணும். ஒவ்வொரு வளைவுலயும் நின்னு நின்னு போனா வலியில துடிக்கிற பிள்ளை என்னத்துக்கு ஆகும்? எதுத்தாப்புல பஸ்ஸு வந்துட்டா? சாம்பல் குட்டை, படக்குன்னு திரும்பிருது. ஆனா சீட்டு முதுகு பள்ளிக்கூடத்துச் செவுரு கணக்கா நட்டமா நிக்கிது, பின்னால பட்டை ஸ்பிரிங்கு வேற. பட்டை போட்ட வண்டியப் பாரம் ஏத்தாம ஓட்டிப் பாத்து வாங்குறவன் கீழ்நாட்டுக்காரன். எங்க மலையில யாரும் வெறும் வண்டிய நம்ப மாட்டோம். வெறும் வண்டி குதிக்கும், பாரம் ஏத்துனா படிஞ்சு போகும். காலையில ஜெரால்டு பூ வச்சு பொட்டு வச்சுக் கொண்டாந்து நிறுத்துனப்ப, மொதல்ல மூட்டைய ஏத்துங்கன்னேன். அவர் மொகம் போன போக்கப் பாக்கணுமே. காப்பித்தொலி மூட்டையா தொட்டி நெறைய அடுக்கியாச்சு, இப்ப வண்டி நல்லாத்தான் படிஞ்சு வருது, கல்லு ஏறுறதே தெரியல. சாம்பலே எடுத்துறலாமோ? அப்பத்தான் நேத்து வந்த யோசனை மறுபடி வந்து கழுத்தப் புடிக்குது. பாப்பாவுக்கு வலி வந்துருச்சு, அவ ஒரு பக்கம் அம்மான்னு கத்துறா, நான் என்ன செய்வேன், மொதல்ல மூட்டை ஏத்துவேனா? வேணாம், மூட்டை எப்பவும் ஏத்தியே இருக்கட்டும், தார்ப்பாய் போட்டு மூடி வைப்போம். மழையில தொலி நனைஞ்சா பாரம் ரெண்டு மடங்காயிரும். அப்ப மணல். மணலும் நனையும். கல்லு வச்சா? கல்லு வளைவுல உருளும். இதை விசாலத்துகிட்ட நேத்தே சொன்னேன். "பிள்ளத்தாச்சியத் தூக்குறத விட்டுட்டுக் கல்லத் தூக்கப் போறீகளா?"ன்னு மட்டும் கேட்டா. அது ம்ல சேராது. அதையாச்சும் கேட்டாளேன்னு இருந்துச்சு.

வண்டி மண்பாதை முடிஞ்சு தார் ரோட்டுக்கு ஏறிருச்சு, சத்தம் மாறுது. ஜெரால்டு நாலு சக்கர இழுவையை எடுத்துவிட்டார், ஒரு க்ளிக், வண்டி லேசாயிருச்சு. இனி வளைவு. வளைவு பூராவும் எனக்கு மனப்பாடம், மொதல்ல தண்ணிப்பாறை, அப்பறம் எரட்டைப் பாலம், அப்பறம் மூங்கில் வளைவு, அதுதான் சரிபாதி, அதுக்குக் கீழ நெல்லிமரம், செக்போஸ்ட்டு, கொய்யாத்தோப்பு, ஊரு. கண்ணக் கட்டிவிட்டாக்கூட ஸ்டீரிங்கு கையில இருந்தாச் சொல்லிருவேன். ஆனா படுத்துக் கெடந்தா ஒண்ணும் தெரியல. இதென்ன கூத்து? வலது எங்க, எடது எங்க? வண்டி ஒரு பக்கம் ஒடிஞ்சா ரத்தம் தலைக்கு வருது, மறு பக்கம் ஒடிஞ்சா காலுக்குப் போகுது, அவ்வளவுதான் சங்கதி. கண்ணாடிக்கு மேல கொஞ்சம் வானம், சில்வர் ஓக் மரத்து உச்சி, கைப்பிடி ஒண்ணு ஆடுது, மறுபடி வானம். மலை எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம்? இந்த ரோட்டுல நான் ஒரு நாளும் பின்னால உக்காந்தது கூட இல்ல. புது வண்டி வாசம் வேற, ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெந்த மாதிரி, தொண்டையில வந்து நிக்குது. இட்லி தின்னுருக்கக் கூடாது. பாப்பாவுக்கும் இப்பிடித்தான் வரும், சின்னதுல இருந்தே வண்டியில வாந்தி எடுக்குற பிள்ளை, எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே வரும். எலுமிச்சம்பழம் வண்டியிலயே ஒரு டஜன் போட்டு வச்சிறணும். எடது பக்கம் படுக்கணும்னு நர்சம்மா சொல்லிருக்கு. எடது பக்கம் படுத்தா மொகம் முன்சீட்டப் பாத்து, வயிறு சீட்டு விளிம்புல. தலைய அந்தக் கதவுப் பக்கம் மாத்துனா வயிறு சீட்டு முதுகோட ஒண்டிக்கிரும், விழாது, ஆனா மூச்சு முட்டும். எது தேவலை, விழுறதா, முட்டுறதா? "எங்க வந்துட்டோம்?"னு கேட்டேன். "ஒரு பாலம் சார்"னு ஜெரால்டு சொன்னார். எரட்டைப் பாலத்துல மொதலாவதா, ரெண்டாவதா? அவருக்கு எப்பிடித் தெரியும். தெரிஞ்சவ ரோட்டப் பாத்துக்கிட்டு வாரா.

பிரேக்கு. சடார்னு ஒரு பிரேக்கு, மொத்த ஒடம்பும் முன்சீட்டுல போயி மோதி, நான் கைப்பிடிக்குக் கையத் தூக்குன நேரம் பாத்து, அணைச்சிருந்த காய் நழுவிருச்சு. புடிச்சேன். புடிபடல. கீழ விழுந்து தொம்முன்னு ஒரு சத்தம், அப்பறம் உருண்டு விசாலத்து சீட்டுக்கு அடியில போயிருச்சு. "காட்டுமாடு சார், ரோட்டுலயே நிக்குது, அசையாதீங்க"ன்னு ஜெரால்டு மெல்லச் சொல்றார். எனக்குக் காட்டுமாடாவது ஒண்ணாவது. கைய விட்டுத் தொழாவுறேன், ரப்பர் பாய் தட்டுப்படுது, ஏதோ கம்பி, காய் தட்டுப்படல. வெறும் பரங்கிக்காய்க்கு இந்த நெஞ்சு ஏன் இப்பிடி அடிக்குது. ஏன்னு எனக்கே தெரியாதா என்ன. மேகலா பொறந்தது கீழ, விசாலத்தோட அம்மா வீட்டுல, ஆஸ்பத்திரி அதே தெருக் கோடியில, நடந்தே போயிப் பெத்துட்டு வந்தா. ரெண்டாவதுக்குத் தாய் வீடு கெடையாது, அது புருசன் வீட்டுக் கணக்கு, எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான். ஐப்பசி மழை. வலி வந்ததும் ஜீப்புல தூக்கிப் போட்டு நான் ஓட்டுறேன், பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்தாயி பின்னால மடியில வச்சுப் புடிச்சுக்கிட்டு வாரா, தார்ப்பாய் பட்டுப் பட்டுன்னு அடிக்குது, வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடுது. கொய்யாத்தோப்பு தாண்டுறப்ப ஜீப்புலயே பொறந்துருச்சு. பையன். அழல. சின்னத்தாயி காலப் புடிச்சுத் தலைகீழாத் தூக்கித் தட்டிப் பாத்தா. அழல. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா விசாலத்தப் பாத்துட்டு வெளிய வந்து, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்னு சொல்லுச்சு. அது திட்டல, கோவப்படல, கையத் தொடச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிருச்சு. கொஞ்சம் முன்னாடி. எவ்வளவு கொஞ்சம்? ஒரு வளைவா, ரெண்டு வளைவா? அந்த ஜீப்ப அடுத்த மாசமே வித்தேன். அதுக்கப்பறம் எடுத்த ஜீப்பையும் வித்தேன். தண்டபாணிக்கு வண்டிப் பைத்தியம்னு ஊர்ல பேச்சு, காப்பி வெலை ஏறுனா வண்டிய மாத்திருவான்னு. எந்த வண்டிய எடுத்தாலும் மொத நாளு நான் தனியா இந்த ரோட்டுல எறங்கிப் பாப்பேன், அந்தக் கொஞ்சம் கெடைக்குதான்னு. விசாலத்துகிட்ட இத நான் சொன்னதில்ல, அவளும் அந்தப் பிள்ளையப் பத்தி ஒரு நாளும் எடுத்ததில்ல. காட்டுமாடு போயிருச்சு. விசாலம் குனிஞ்சு காய எடுத்து, திரும்பாமயே பின்னால நீட்டுனா. வாங்கி அணைச்சுக்கிட்டேன். ஒரு பக்கம் கீறியிருக்கு.

இனிமே ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிறணும். பாப்பாவுக்கு யாரு புடிக்கிறது, விசாலம் கூட உக்காந்துக்கிருவா, ஆனா பாப்பா படுத்துட்டா விசாலத்துக்கு எடம் ஏது? சிவப்புல ஒரு ஆளு கால்மாட்டுல ஒண்டிக்கிறலாம். அப்ப சிவப்பு. சிவப்புல வளைவுக்கு வளைவு நிக்கணும், நிக்கிறப்ப எல்லாம் கொஞ்சம் போயிரும். அந்தக் கொஞ்சம் போனா நான் வாழ மாட்டேன். அப்ப சாம்பல். இதுல பிரேக்கடிச்சா பிள்ளை விழுந்துருவா. மறுபடி வானம், மறுபடி மர உச்சி, வண்டி ஒடியுது, ஒடியுது, வாயெல்லாம் புளிப்பு, ஜெரால்டு என்னமோ மைலேஜு சொல்றார், யாருக்கு வேணும் மைலேஜு. எங்க இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும். எவ்வளவு தூரம் பாக்கின்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன பல்லக் கடிச்சுக்கிருவேன். "விசாலம், எங்க வந்துட்டோம்?" அவ சொன்னா, "வந்துட்டோம்." அப்பாடான்னு இருந்துச்சு. மூச்ச விட்டேன். கொய்யாத்தோப்பு தாண்டியிருக்கும், இனி நேர் ரோடு. ஆனா வண்டி ஒடியுது. நேர் ரோட்டுல எதுக்கு ஒடியணும்? இன்னொரு ஒடி. அடிவயித்துல இருந்து என்னமோ மேல வருது, காய இறுக்கிப் புடிச்சுக்கிறேன். "எங்கன்னு சொல்லு விசாலம்." "வந்துட்டோம்ங்க. இந்தா வந்துட்டோம்." திரும்பிப் பாக்காமச் சொல்றா. நேரா ரோட்டப் பாத்துக்கிட்டு, கொரல ஒசத்தாம, அழுற பிள்ளையத் தட்டிக் குடுக்குற மாதிரிச் சொல்றா. இந்தக் கொரல் எனக்குத் தெரியும். எங்கயோ கேட்டிருக்கேன். இது அவ கொரல் இல்ல. இது என் கொரல்.

எங்க வந்துட்டோம் எங்க வந்துட்டோம்னு அன்னைக்கு அவ கேட்டுக்கிட்டே வந்தா. மழைச் சத்தத்துக்கு மேல, சின்னத்தாயி மடியில இருந்து, ஒவ்வொரு ஒடிக்கும் கேட்டா. நான் ஸ்டீரிங்க விட்டுத் திரும்ப முடியாது, ரோட்டப் பாத்துக்கிட்டே, வந்துட்டோம் விசாலம், இந்தா வந்துட்டோம்னு சொன்னேன். தண்ணிப்பாறையிலயும் அதைத்தான் சொன்னேன், எரட்டைப் பாலத்துலயும் அதைத்தான் சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல முடியும், இன்னும் முக்காவாசி கெடக்குன்னு சொல்ல முடியுமா? தைரியம் சொல்றதா நெனச்சேன். இத்தனை வருசமும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஜீப்பு, ஸ்பிரிங்கு, டயரு, மழை, எல்லாத்தையும் போட்டு ஒலப்புனேன், இதை மட்டும் நெனச்சே பாக்கல. வந்துட்டோம்னு சொன்னதும் ஒடம்பு பூட்ட விட்டுருது. நானே இப்ப விட்டேனே, ஒரு பரங்கிக்காயக் கட்டிக்கிட்டுக் கெடக்குறவன். வந்தாச்சுன்னு நம்பி விட்டதுக்கு அப்பறம் இன்னொரு வளைவு வந்தா அது எப்பிடி இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லல. அவ எத்தனை வளைவுக்கு விட்டாளோ. மகனே, எத்தனை வளைவுக்கு உங்கம்மாவ நம்ப வச்சேன். இப்ப இவ தெரிஞ்சு சொல்றாளா, தன்னால வருதா? தெரியல. தலைய மட்டும் தூக்கிக் கண்ணாடி வழியாப் பாத்தேன். மூங்கில் வளைவு. சரிபாதி.

நிப்பாட்டுங்க தம்பின்னேன். ஓரமா நிறுத்துனார். எறங்கித் தடுப்புச் செவுத்துல கைய ஊனிக் குனிஞ்சேன், இட்லி பூராவும் வந்துருச்சு. ஜெரால்டு பாவம் பதறிப்போயி வண்டிய ஒரு தடவை சுத்தி வந்தார், வண்டி மேல குறையிருக்கோன்னு. விசாலம் தண்ணி பாட்டிலோட வந்து நின்னா. வாயக் கொப்புளிச்சிட்டுச் செவுத்து மேலயே உக்காந்தேன். கீழ ஊரு தெரியுது, தென்னந்தோப்பு, கண்மாய்த் தண்ணி மினுங்குது, கைக்கு எட்டுற மாதிரி இருக்கு. அவ பக்கத்துல உக்காந்து முந்தானையால என் நெத்தியத் தொடச்சா.

"ரெண்டுல எதுங்க?"ன்னு கேட்டா.

"நீ ஒருக்காப் படுத்துப் பாரு விசாலம். உனக்கு எது தோதுப்படுதுன்னு சொல்லு."

"நான் படுத்துப் பாத்துட்டேங்க"ன்னா. "எப்பவோ பாத்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னா. கொரல்ல ஒண்ணும் இல்ல, கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. காய இன்னும் கையிலயே வச்சிருக்கேன், அப்பத்தான் கவனிச்சேன். அத அவ மடியில வச்சேன். சம்பந்தியம்மா மொகம் வந்து போச்சு, மாப்ள சிரிச்சது வந்து போச்சு. மலைக்காரன் வாய்ச்சொல்லு இவ்வளவுதானான்னு அங்க பேசுவாங்க. பேசட்டும். அம்மா பக்கத்துல இருந்தாப் போதும்ப்பான்னுதான பிள்ளை சொன்னா. அதுல மலை எங்க வந்துச்சு? நானா ஏத்திக்கிட்டது.

"பாப்பாவ மேல கூட்டியார வேணாம்"னேன். "நாம கீழ போயிருவோம். பிள்ளை பொறந்து, மூணு மாசம் போகட்டும். உங்கண்ணன் தெருவுல, ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல ஒரு வீடு காலியாக் கெடக்குன்னு சொன்னியே, அது இன்னும் கெடக்கா?"

விசாலம் இடுப்புல சொருகியிருந்த சுருக்குப் பைய எடுத்து அவுத்தா. வெத்தலைக்கு நடுவுல ஒரு சாவி.

"கெடக்கு. வெள்ளையடிச்சு, தண்ணித்தொட்டி கழுவி, கட்டில் கூடப் போட்டாச்சு."

"எப்ப?"

"நீங்க சிவப்பா சாம்பலான்னு ஆரம்பிச்சீகளே, அன்னைக்கே."

"அடிப்பாவி. அப்பறம் ஏன்டி என்னைய ரெண்டு வண்டியிலயும் படுக்க விட்ட?"

"சொன்னாக் கேக்குற ஆளா நீங்க?" காயத் திருப்பிக் கீறல் இருக்குற பக்கத்தக் கட்டை விரலால தடவிக்கிட்டே சொன்னா. "ஒரு தடவை படுத்துப் பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அது பாதியில இருமலாப் போச்சு. ஜெரால்டு பக்கத்துல வந்து, "சார், இது வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"ன்னு கேட்டார். இல்ல தம்பி, எடுக்குறேன்னேன். "எறங்குறதுக்கு இல்ல. பேரப்பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு மேல ஏறுறதுக்கு. மெதுவாப் போனாப் போதும்." ஏறுற வண்டின்னு ஆனதுக்கப்பறம் சிவப்பா இருந்தா என்ன, சாம்பலா இருந்தா என்ன, முழங்கால் இடிச்சா இடிச்சிட்டுப் போகுது. எந்தக் கலர்னு அவகிட்டயே கேட்டுக்கங்கன்னுட்டேன். அவர் இன்னும் கொழம்பித்தான் நின்னார், அத வெளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

கீழ போயி வீட்டப் பாத்துட்டு வந்துருவோம்னு கெளம்புனோம். விசாலம் முன்கதவத் தொறந்துவிட்டு, நீங்க முன்னால உக்காருங்க, மறுபடி கொமட்டப் போகுதுன்னா. அவ பின்னால ஏறி, காய மடியில வச்சுக்கிட்டுத் தலகாணியில சாஞ்சுக்கிட்டா. வண்டி கெளம்புச்சு. கொஞ்ச தூரம் போனதும் பாத்தேன், கண்ண மூடியிருக்கா. தூங்குறாளா, மூடியிருக்காளா, தெரியல. நான் சீட்டுல ஒடம்பப் பின்னால திருப்பி உக்காந்தேன். ஸ்டீரிங்கு என் கையில இல்ல, திரும்பறதுக்கு என்ன.

"நெல்லிமரம்"னேன். அவ கேக்கல, நானாத்தான் சொன்னேன். "இன்னும் செக்போஸ்ட்டு வரல. இன்னும் நெறைய இருக்கு விசாலம்."

"ம்"னா.

அடுத்த வளைவுக்கு நான் தயாரா இருந்தேன்.